சத்தமில்லாத முதல் நாள்

பெரிய சார், சின்ன சார் என்று அந்த ஆஸ்பத்திரியில் யார் முதலில் கூப்பிட ஆரம்பித்தார்களோ தெரியாது. அந்த ஆள் மட்டும் கையில் கிடைத்திருந்தால் பெரிய சார் உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார். அனுபவத்தில் பெரியவர் என்று நினைத்துச் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன மனக்குறை? நர்சுகள் கணக்கு வேறு. பெரிய சார் என்றால் வந்ததும் எழுந்து நின்று தலையாட்ட வேண்டியவர். சின்ன சார் என்றால் சந்தேகம் கேட்க வேண்டியவர்.

பெரிய சார் ஒரு கன்சல்டன்ட். பெரிய நிறுவனங்கள் காகிதத்தையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு ஒரே கம்ப்யூட்டர் சிஸ்டத்துக்கு மாறும்போது, கூடவே இருந்து மாற்றிக் கொடுத்துவிட்டு, அங்கே முகங்கள் பழகுவதற்குள் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகிற பிழைப்பு. கிடங்கு, சிமென்ட் ஆலை, கூரியர் கம்பெனி என்று பார்க்காத இடம் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பாடம் படித்ததாகச் சொல்வார். வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும், “கிடங்குல வேலை பார்த்தப்ப ஒரு பாடம்…” என்று ஆரம்பிப்பார். பாடம் எங்கேயும் ஓடிப் போகாது, சோறுதான் ஆறிப் போகும் என்பாள் மனைவி.

இந்த ஆஸ்பத்திரி அவருக்கு மற்ற இடங்களைப் போல அல்ல. இதே நிர்வாகத்துக்கு இன்னும் பல ஊர்களில் ஆஸ்பத்திரிகள் இருந்தன. இங்கே புது சிஸ்டம் ஒழுங்காக ஓடிவிட்டால் மற்ற எல்லாவற்றிலும் அதையே போடப் போகிறார்கள். அந்த மொத்த வேலைக்கும் ஒரு தலைவர் வேண்டும். யார் என்பதை முதல் நாள் முடிந்ததும் சொல்கிறேன் என்று அவருடைய கன்சல்டன்ட் கம்பெனியின் மேனேஜர் அம்மாள் சொல்லியிருந்தார். பெரிய சார் அந்த நாற்காலிக்காக எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் குறுக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். இந்தத் தடவை குறுக்கே நின்றது அவருடைய சொந்தத் தங்கை புருஷன், அதாவது அந்தச் சின்ன சார்.

அதுதான் கொடுமை. வேறு எவனாவது என்றால் வாய் விட்டுத் திட்டலாம். தங்கை புருஷனை என்ன செய்ய? வீட்டுக்கு வந்தால் “வாங்க மாப்பிள்ளை” என்று எழுந்து நிற்க வேண்டும். அவனை இந்த வேலையில் கொண்டுவந்து சேர்த்ததும் இவர்தான். அவன் வேலை பார்த்த செருப்புக்கடையை மூடியபோது தங்கை வந்து அழுதாள். “உனக்குப் பெரிய இடத்துலல்லாம் பழக்கம் இருக்கேண்ணா, அவரை எங்கேயாவது சேர்த்து விடேன்” என்றாள். அண்ணன் மனசு இளகியது. சிபாரிசு செய்து, பக்கத்தில் உட்கார வைத்து, தான் படித்த பாடங்களை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்த வாயை இப்போது அவரே நொந்துகொண்டார்.

அம்மா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடினால் முதல் தட்டு மாப்பிள்ளைக்கு. அது வழக்கம், போகட்டும். அவருடைய மகளே, பெற்ற அப்பன் பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டு மாமாவிடம் போவாள். ஏம்மா, அப்பாகிட்டக் கேட்கக் கூடாதா என்றால், “நீங்க கணக்கைச் சொல்லித் தர மாட்டீங்கப்பா, திட்டத்தான் சொல்லித் தருவீங்க” என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் பல்லைக் காட்டுவார். உள்ளே பற்றிக்கொண்டு எரியும்.

ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். வார்டுகளை இரண்டாகப் பிரித்து, பழைய கட்டடத்துக்குப் பெரிய சார், புதுக் கட்டடத்துக்குச் சின்ன சார் என்று ஒதுக்கியிருந்தார்கள். முதல் கட்டமாக நோயாளிகளுக்கான மதியச் சாப்பாட்டு ஆர்டர் மட்டும் சிஸ்டத்துக்கு மாற வேண்டும். எந்தப் படுக்கைக்கு உப்பில்லாத சாப்பாடு, எந்தப் படுக்கைக்குச் சர்க்கரை நோய்ச் சாப்பாடு, யாருக்கு வெறும் திரவம் என்று வார்டில் நர்ஸ் பதிய வேண்டும். சமையல்கூடத்தில் அது சீட்டாக வந்து விழும். சீட்டு வந்த தட்டு மட்டுமே வண்டியில் ஏறும்.

பெரிய சார் பாடம் நடத்தினால் அது பாடம். கூட்ட அறையில் விளக்கை அணைத்து, சுவரில் படம் போட்டு, கையில் கோலோடு நிற்பார். கேள்வி கேட்டால், அது மூணாவது படத்திலேயே இருக்கு, கவனிக்கலையா என்பார். அதற்குப் பிறகு யார் கேட்பார்கள்? தலைகள் ஆடும். ஆடிய தலைகளைப் பார்த்து, எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று திருப்தியோடு வெளியே வருவார்.

சின்ன சாருக்குக் கோலும் கிடையாது, படமும் கிடையாது. வார்டுக்கே போவான். நர்ஸ் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்துவிடுவான். செருப்புக்கடையில் அளவு பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். “நீங்களே அழுத்துங்க அக்கா, தப்பானா என்ன, கம்ப்யூட்டர் கடிச்சுடுமா?” என்பான். குழந்தைகள் வார்டில் ஒரு தலைமை நர்ஸ் உண்டு. டாக்டர்களே அவளைக் கண்டால் ஒதுங்கிப் போவார்கள். அந்தச் சிடுமூஞ்சி இவனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பெரிய சார் ஒரு நாள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றார் மனைவியிடம். அவளுக்குத் தெரியாதா? “வயித்தெரிச்சலுக்கு மாத்திரை வாங்கி வைக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு அவள் பாட்டுக்குத் துணி மடித்தாள்.

சின்ன சார் பழக்கிக் காட்டியது பயிற்சி சிஸ்டத்தில். நிஜ சிஸ்டத்தைப் போலவே இருக்கும். அதே பொத்தான், அதே எழுத்து. நிஜத்தில் திரையின் உச்சியில் நீலப் பட்டை, பயிற்சியில் பச்சைப் பட்டை, அவ்வளவுதான் வித்தியாசம். பயிற்சியில் என்ன பதிந்தாலும் சமையல்கூடத்துக்குப் போகாது. போதாக்குறைக்கு, சும்மா கற்பனைப் பெயர்கள் இருந்தால் பழகுகிறவர்களுக்கு மனசு ஒட்டாது என்று, வார்டில் அப்போது படுத்திருந்த நோயாளிகளின் பெயர்களையே பயிற்சி சிஸ்டத்தில் ஏற்ற வைத்திருந்தான். நர்சுகள் சொக்கிப் போனார்கள். விளையாட்டுக்குப் பழகுகிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை.

முதல் நாள் விடிவதற்கு முன்னால் அந்தப் பயிற்சி சிஸ்டத்தைப் பூட்டிவிட வேண்டும். பூட்டுகிற பொறுப்பு பெரிய சாருடையது. முந்தின நாள் மதியக் கூட்டத்தில் சின்ன சார் எழுந்து, சிலருக்கு இன்னும் கை திருந்தவில்லை, ஓய்வு நேரத்தில் பழகட்டும், பயிற்சி இன்னும் கொஞ்ச நாள் திறந்தே இருக்கட்டுமே என்று கேட்டான்.

கூடாது. பெரிய சாருக்கு அது நன்றாகத் தெரியும். கிடங்கில் அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பயிற்சியைத் திறந்து வைத்தால் கை தன்னால் பழகிய பயிற்சித் திரையைத்தான் திறக்கும். ஒரு பொழுது முழுவதும் உழைத்து, உழைத்ததெல்லாம் காற்றில் போகும். மாப்பிள்ளைக்குச் சொல்லாமல் விட்ட பாடம் அது ஒன்றுதான். வேண்டுமென்று விட்டதல்ல, ஏதோ விட்டுப் போயிற்று. இப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் அம்மாள் மாப்பிள்ளையைப் பார்த்து, நல்ல யோசனையாயிருக்கே என்றார்.

அவ்வளவுதான். வந்த வார்த்தையை அவர் விழுங்கிவிட்டார். “ஆகட்டும், மாப்பிள்ளை ஆசைப்பட்டா திறந்தே இருக்கட்டும்” என்றார். கேட்டு வாங்கிக்கொள்கிறான், படட்டும். புதுக் கட்டடம் முழுக்கக் குட்டிச்சுவராகட்டும். நம்முடைய ஆட்கள்தான் பயிற்சிப் பக்கமே போகாதவர்கள் ஆயிற்றே, நாம் சொன்னபடி நேராக நீலப் பட்டையில் போய் உட்காருவார்கள். பழைய கட்டடத்தில் சாப்பாட்டு வண்டி ஓடும், புதுக் கட்டடத்தில் ஓடாது. அதற்குப் பிறகு நாற்காலி யாருக்கு என்று மேனேஜருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை.

முதல் நாள் காலையில் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முதல் காரியமாகப் புதுக் கட்டடத்துக்குத்தான் போனார். குழந்தைகள் வார்டில் அந்தச் சிடுமூஞ்சி நர்ஸ் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பச்சைப் பட்டை. பளபளவென்று பச்சை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். சிரிக்காத மனுஷர் சிரிக்கிறாரே என்று அவளும் பதிலுக்குச் சிரித்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

தன்னுடைய பழைய கட்டடத்துக்கு அவர் போகவில்லை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

கம்பெனி ஆட்கள் எல்லாரும் கூடியிருந்த அறையில் உதவி கேட்டு வரும் அழைப்புகளுக்காக வரிசையாகத் தொலைபேசி வைத்திருந்தார்கள். ஒன்றும் அடிக்கவில்லை. மேனேஜர் அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை அமைதியான முதல் நாளை நான் பார்த்ததே இல்லை என்றார். புதுக் கட்டடத்தைத்தான் முதலில் சொன்னார், அது ஒன்று பெரிய சாருக்கு உறுத்தியது. பழைய கட்டடத்திலேயும் ஒரு சத்தம் இல்லையே மேடம் என்று அவர் எடுத்துக் கொடுத்தார். ஆமாமாம் என்றார் அம்மாள், போனால் போகிறது என்பது போல.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை அவரைத் தாழ்வாரத்துக்குத் தனியாகக் கூப்பிட்டான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“மச்சான், நீங்க சொல்லியிருக்கீங்க. முதல் நாள் சத்தம் வந்தா நல்லது, சத்தமே இல்லைன்னா பயப்படணும்னு. ஒரு போன்கூட வரலை. எனக்கு என்னவோ பயமா இருக்கு. ஒரு தடவை வந்து பாருங்களேன்.”

அந்தப் பாடத்தைச் சொன்னது அவர்தான். கூரியர் கம்பெனியில் படித்தது. யாரும் தடுமாறவில்லை என்றால் யாரும் உபயோகிக்கவில்லை என்று அர்த்தம். மற்றவர்கள் எல்லாம் காது குளிரக் கேட்டுக்கொண்டிருக்கிற அமைதியைக் கண்டு இந்தப் பயல் ஒருத்தன்தான் பயப்படுகிறான். அவனைத் தான் எவ்வளவு நன்றாகத் தயார் செய்திருக்கிறோம் என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையே அவரை இன்னும் கடுப்பேற்றியது.

“நான் காலையிலேயே உங்க வார்டைப் பார்த்துட்டுத்தான் வந்தேன் மாப்பிள்ளை. எல்லாம் ஜோரா நடக்குது. உங்க கைராசி அப்படி. போய் நிம்மதியா உட்காருங்க.”

அவன் நம்பினான். மச்சான் சொன்னால் வேறு பேச்சு உண்டா? போய் உட்கார்ந்தான். பெரிய சார் டீ குடித்தார். அன்றைக்கு டீ நன்றாக இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியதும் ஒரு தொலைபேசி அடித்தது. பெரிய சார் எழுந்திருக்கவில்லை. புதுக் கட்டடமாகத்தான் இருக்கும், மாப்பிள்ளையே எடுக்கட்டும். எடுத்த பையன் முகம் மாறி, “சார், உங்களுக்குத்தான்” என்று நீட்டினான். பழைய கட்டடத்தின் ஆண்கள் வார்டு. சாப்பாட்டு வண்டி இன்னும் வரவில்லையாம். சர்க்கரை நோயாளி ஒருவருக்கு இன்சுலின் ஊசி போட்டாகிவிட்டதாம். தட்டு வரும் என்று நம்பிப் போட்டோம், இப்போது அவருக்கு வேர்க்கிறது என்றாள் நர்ஸ்.

பெரிய சார் தொலைபேசியைப் போட்டுவிட்டு ஓடினார். படிகளில் எப்படி இறங்கினார், முற்றத்தை எப்படித் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. வார்டில் ஓரப் படுக்கையில் ஒரு பெரியவர் கை நடுங்க உட்கார்ந்திருந்தார். இளம் நர்ஸ் ஒருத்தி சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். பெரியவரின் கண் பெரிய சார் மேல் வந்து நின்றது. யார் எவர் என்று தெரியாமல், உதவிக்கு வந்தவர் என்று நினைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவரின் கை சில்லென்று நனைந்திருந்தது. பெரிய சார் கையை விடுவித்துக்கொள்ளவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் நின்றார். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரியவரின் நடுக்கம் அடங்கியது. பயமில்லை, தேறிவிடுவார் என்றாள் நர்ஸ்.

அப்புறம்தான் பெரிய சார் நர்சின் மேசைப் பக்கம் திரும்பினார். திரையின் உச்சியில் பச்சைப் பட்டை.

“இதை யாரு உங்களைத் தொடச் சொன்னது?” என்று கேட்டார்.

நர்ஸ் தயங்கினாள். அப்புறம் சொன்னாள். “தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க படம் போட்டுச் சொன்னது எங்களுக்கு ஒண்ணுமே புரியலை. கேட்கவும் பயம். அதனால வேலை முடிஞ்சதும் எல்லாரும் புதுக் கட்டடத்துக்குப் போயி சின்ன சார்கிட்டப் பழகிக்கிட்டோம். உங்ககிட்டச் சொல்ல வேணாம், மனசு கஷ்டப்படும்னு சின்ன சார்தான் சொன்னாரு.”

எல்லாரும் என்றால் எல்லாரும். பெண்கள் வார்டு, எலும்பு முறிவு வார்டு, மாடி, கீழ்த்தளம், அவர் கோலைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்திய அத்தனை பேரும். ஒரு கட்டடம் முழுக்க அவருக்கு முன்னால் தலையை ஆட்டிவிட்டு, முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளையிடம் போயிருக்கிறது. காலையில் அவர் மார்தட்டிக்கொண்ட அமைதியும் அவனுடைய அமைதிதான். இப்போது கவிழ்ந்தது இரண்டு கட்டடமும். படுக்கையில் ஒரு மனுஷர் செத்துப் பிழைத்திருக்கிறார். அந்த நேரத்திலும் பெரிய சாருக்கு முதலில் சுட்டது எது தெரியுமா? என்னிடம் ஒருத்திகூடப் பழகவில்லையே என்பதுதான். என்ன மனசோ அது, அடுப்பில் போட!

மாப்பிள்ளை அதற்குள் விஷயத்தைப் பிடித்துவிட்டான். சமையல்கூடத்தில், முதல் நாள் ஆர்டர் தாமதமாகத்தான் வரும், தொந்தரவு செய்யாமல் காத்திருங்கள் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்களாம். பானைகள் நிறையச் சாப்பாடு, சீட்டு இல்லாமல் ஒரு தட்டும் நகரவில்லை. அவன் அங்கே போய் நின்றுகொண்டு, வார்டு வார்டாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, படுக்கை வாரியாகச் சொல்லச் சொல்லி, தானே கையால் சீட்டு எழுதினான். சர்க்கரை நோயாளிகளின் தட்டு முதலில் போயிற்று. பெரிய சாரும் எழுதுவதற்காகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவன் பேனாவை நீட்டினான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மேனேஜர் அம்மாள் இருவரையும் கூப்பிட்டார். பயிற்சியை ஏன் பூட்டவில்லை என்று கேட்டார். மாப்பிள்ளை முந்திக்கொண்டு, நான்தான் திறந்து வைக்கச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றான். அம்மாள் அவனைப் பார்க்கவில்லை. பெரிய சாரைத்தான் பார்த்தார்.

“அவர் புதுசு, கேட்டார். நானும் தெரியாம நல்ல யோசனைன்னேன். உங்களுக்குத் தெரியாதா சார்?”

தெரியும் என்று சொல்ல வேண்டும். தெரியாது என்றால் இத்தனை வருஷ அனுபவமும் குப்பை. தெரியும் என்றால் அதற்குப் பெயர் வேறு. அவர் மேசை மேலிருந்த பேப்பர்வெயிட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அம்மாள், மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு மாப்பிள்ளையே தலைமை தாங்கட்டும் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை படி இறங்கும் இடத்தில் நின்றான்.

“குழந்தைங்க வார்டு அக்கா சொன்னாங்க மச்சான். நீங்க காலையில வந்து திரையைப் பார்த்துச் சிரிச்சீங்களாம். பெரிய சாரே சிரிச்சுட்டாரு, அப்ப சரியாத்தான் பண்றோம்னு அவங்க மத்த வார்டுக்கெல்லாம் வேற போன் போட்டுச் சொன்னாங்களாம்.”

அவ்வளவுதான் சொன்னான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை கத்திவிட்டு ஆறியிருக்கலாம். அவன் பாட்டுக்கு இறங்கிப் போனான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி என்ன ஆச்சு என்றாள். எந்தப் பாடமும் வரவில்லை என்பதைப் பார்த்து அவளுக்கே பயமாகிவிட்டது. அப்போது தங்கையிடமிருந்து போன் வந்தது. எடுக்க மனசில்லை. தெரிந்திருக்கும். அழுவாள், இல்லை கத்துவாள். எது என்றாலும் நியாயம்தான் என்று எடுத்தார். தங்கை அழுதுகொண்டுதான் இருந்தாள்.

“அண்ணா, அவர் எல்லாத்தையும் சொல்லிட்டாருண்ணா. உனக்கு வந்த வேலையாமே. எனக்கு வேணாம், மாப்பிள்ளைக்குக் கொடுங்கன்னு நீயே மேனேஜர்கிட்டச் சொன்னியாமே. உன்னை மாதிரி அண்ணன் யாருக்குண்ணா கிடைப்பாங்க?”

அவர் போனைக் காதில் வைத்தபடியே இருந்தார். வேலையை எடுத்துக்கொண்டான், போகட்டும். வார்டுகளை எடுத்துக்கொண்டான், பெற்ற மகளை எடுத்துக்கொண்டான், அதுவும் போகட்டும். நல்லவனாக இருப்பதிலாவது தனக்குக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கக் கூடாதா அந்தப் பாவி? கொண்டுபோய்த் தங்கை கையில் ஒரு நல்ல அண்ணனைக் கொடுத்துவிட்டான். அந்த அண்ணனைப் பார்த்தும் இவருக்குப் பொறாமையாக இருந்தது.

“என்னண்ணா பேச மாட்டேங்கற? நிஜம்தானே?” என்றாள் தங்கை.

“ஆமாம்மா,” என்றார் பெரிய சார்.